தொலைக்காட்சியின் தொலைக்குரல்

தொலைக்காட்சி கண்ணுக்குரிய கருவி என்றே பலரும் எண்ணுவர். ஆயின், பழைய முறையில் இயங்கிய ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையமும் உண்மையில் இரண்டு நிலையங்களாகவே விளங்கிற்று. காட்சியைச் சுமந்து செல்ல ஓர் அலையும், ஒலியைச் சுமந்து செல்ல வேறோர் அலையும் அங்கிருந்து புறப்பட்டன. இவ்விரண்டும் அதிர்வெண்ணாலும், வலிமையாலும், வானத்தில் அவை கொள்ளும் இடத்தாலும் வேறுபட்டவை. ஆதலின் காட்சி எட்டாத தேசத்திற்கு ஒலி மட்டும் எட்டுவது உண்டு. அவ்வாறு தப்பி வந்த ஒலியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் துணையின்றி, ஸ்கேனர் எனப்படும் வானொலிப் பெட்டியால் தேடிப் பிடித்துக் கேட்டவர் பல நாடுகளில் இருந்தனர். அவ்வொலி எவ்வழியாக வந்தது, காட்சியை அது முந்தியது ஏன், அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை, கேட்போனுக்கு உரிய கடமை யாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

இவ்வரலாறு லண்டன் நகரின் வடபகுதியில் உள்ள ஒரு குன்றின்மேல் தொடங்குகின்றது. அக்குன்றில் அமைந்த அலெக்ஸாண்ட்ரா பாலஸ் என்னும் மாளிகையிலிருந்து 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் நாள் பி.பி.சி. நிறுவனம் தன் தொலைக்காட்சிப் பணியைத் தொடங்கிற்று. காட்சியலைக்கு 45 மெகாஹெர்ட்ஸும், ஒலியலைக்கு 41.5 மெகாஹெர்ட்ஸும் ஒதுக்கப்பட்டன. காட்சியை அனுப்பிய கருவியின் உச்ச வலிமை 17 கிலோவாட்; ஒலிக்குரியது 3 கிலோவாட். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்லும் இயல்பின. பூமியின் வளைவைச் சுற்றிச் செல்லும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. ஆகவே லண்டனைச் சூழ்ந்த நாற்பது கிலோமீட்டர் அளவான பகுதிக்கே இப்பணி பயன்படும் என்று வகுத்திருந்தனர். அதற்கு அப்பால் உள்ளோர் இதைக் காண்பர் என்று எவரும் உறுதி கூறவில்லை.

ஆயின் அமெரிக்க நாட்டின் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ரிவர்ஹெட் என்னும் ஊரிலிருந்த ஆர்.ஸி.ஏ. நிறுவனத்தின் அலைவாங்கும் நிலையத்தில், லண்டன் அலைகள் வந்து சேர்ந்தன. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர். இடையில் இருப்பதோ அட்லாண்டிக் பெருங்கடல். 1938-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்குள்ள பொறியாளர் தம் திரையில் தோன்றிய லண்டன் காட்சியைச் சலனப்படக் கருவியால் எடுத்து வைத்தனர். நான்கு நிமிட அளவான அப்படத்தில், ஜாஸ்மின் பிளை, எலிஸபெத் கோவெல் என்னும் அக்கால அறிவிப்பாளர்களின் உருவங்கள் நெளிந்தும், ஒன்று பலவாகத் தோன்றியும், மறைந்து மீண்டும் காணப்படுகின்றன. போருக்கு முன் லண்டனிலிருந்து நேரடியாக ஒளிபரப்பப்பட்ட நிகழ்ச்சிகளை நிலையத்தார் பதிந்து வைக்கவில்லை. ஆதலின் கடலுக்கு அப்பால், சேருமென்று எவரும் கருதாத இடத்தில் எடுக்கப்பட்ட இப்படமே அந்நாளைய ஒளிபரப்புக்குச் சான்றாக எஞ்சி நிற்கின்றது. அதுவும் ஒலியற்ற படம். காட்சி தனித்து வந்த கதை இது. ஒலி தனித்து வரும் கதையை விளங்கிக்கொள்ள, முதலில் இவ்வலைகள் கடல் கடந்த வழியை அறிதல் வேண்டும்.

1901-ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்துக்குக் கம்பியில்லாச் செய்தியைப் பெற்றபோது, பூமியின் வளைவை அலை எங்ஙனம் கடந்தது என்ற வினா எழுந்தது. வானத்தின் உயரத்தில் மின்தன்மை வாய்ந்த ஒரு படலம் இருந்து அலையைத் திருப்பி விடுகின்றது போலும் என்று 1902-இல் கெனலி, ஹெவிஸைடு என்னும் இருவரும் தனித்தனியே கருத்துரைத்தனர். 1924-இல் ஆப்பிள்டன் என்னும் அறிஞர் பி.பி.சி.யின் போர்ன்மத் நிலையத்து அலைகளைக் கொண்டே அப்படலத்தின் உயரத்தை அளந்து அதன் உண்மையை நிலைநாட்டினார். அவருக்கு 1947-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் வாயு அணுக்களைத் தாக்கி அவற்றிலிருந்து மின்னணுக்களைப் பிரிப்பதால் உண்டாகும் இப்பகுதியே அயனி மண்டலம் எனப்படுவது. அதில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது ஈ படலம். அதனினும் மேலே, இருநூற்றைம்பது முதல் நானூறு கிலோமீட்டர் வரையான உயரத்தில் உள்ளது எப்-2 படலம்.

இப்படலம் எல்லா அலைகளையும் திருப்புவதில்லை. நேர் மேலாக ஏவிய அலையாயின், மின்னணுக்கள் மிகச் செறிந்த காலத்தும் 13 அல்லது 14 மெகாஹெர்ட்ஸ் வரையில் உள்ளதே திரும்பும். அதனினும் மிக்கது படலத்தைத் துளைத்து விண்வெளிக்குச் சென்றுவிடும். அவ்வாறாயின் 41 மெகாஹெர்ட்ஸ் அலை திரும்பியது எங்ஙனம்? குளக்கரையில் விளையாடும் சிறுவரைப் பாருங்கள். ஓட்டாஞ்சில்லைச் செங்குத்தாக எறிந்தால் அது நீரில் மூழ்கும். நீர்மட்டத்தோடு ஒட்டிச் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திச் செல்லும். அலையும் அத்தகையதே. அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகப் புறப்பட்ட அலை படலத்தை மிகச் சிறிய கோணத்தில் சேர்வதால், நேர்மேல் அலைக்குரிய எல்லையைப் போல ஏறக்குறைய மும்மடங்கு அதிர்வெண் வரையில் திருப்பப்படும். பதினான்கை மூன்றால் பெருக்கினால் நாற்பத்திரண்டு. லண்டனின் ஒலியலை இவ்வெல்லைக்குச் சற்றே உட்பட்டது என்பதை வாசகர் கவனிக்க. எப்-2 படலத்தினால் ஒரு தத்தலில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் வரை செல்லலாம். ஆகவே லண்டன் அலை கடல்மீது ஒரு முறை பட்டுத் தெறித்து, இரண்டாம் தத்தலில் அமெரிக்கக் கரையைச் சேர்ந்ததென்க.

இது நாள்தோறும் நிகழ்வதன்று. சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவன. அவை பெருகும் காலத்தில்தான் எப்-2 படலம் போதிய செறிவு பெறும். 1937-ஆம் ஆண்டு அத்தகைய ஒரு பெருக்கம் நிகழ்ந்தது. ரிவர்ஹெட் நிகழ்ச்சி அதன் அணிமையில் அமைந்தது தற்செயலன்று. பருவமும் பொருந்த வேண்டும். வடபாகத்தில் குளிர்காலத்து நண்பகலில் எப்-2 படலம் கோடையினும் மிகுந்த செறிவுடையது. நேரமும் பொருந்த வேண்டும். அலை செல்லும் வழி முழுவதும் வெயிலில் இருத்தல் நலம். லண்டனில் பிற்பகல் மூன்று மணியாக இருக்கும்போது நியூயார்க்கில் காலை பத்து மணி, நடுக்கடலிலோ உச்சிவேளை. அலெக்ஸாண்ட்ரா பாலஸின் பிற்பகல் நிகழ்ச்சி அவ்வேளையிலேயே நடந்தது. இரவு ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அப்பொழுது லண்டன்மீது இருள் கவிந்து படலம் மெலிந்திருக்கும்.

இனி, ஒலி காட்சியை முந்துவதற்குரிய காரணங்களைக் காண்போம். முதற் காரணம், பிரிட்டிஷ் முறையில் ஒலியின் அதிர்வெண் காட்சியினதை விடக் குறைவு. படலத்தின் எல்லை காலையில் மெல்ல மெல்ல உயருங்கால், முதலில் 41.5-ஐக் கடக்கும், பின்னரே 45-ஐ எட்டும். பல நாட்களில் இரண்டிற்கும் இடையிலேயே நின்றுவிடும். அந்நாட்களில் குரல் வரும், உருவம் வராது. இரண்டாம் காரணம் இரைச்சலைப் பற்றியது. வானத்திலும் கருவியிலும் எப்பொழுதும் ஓர் இரைச்சல் உண்டு; நாம் எவ்வளவு அகலமான வாயிலைத் திறக்கின்றோமோ அவ்வளவு இரைச்சல் உட்புகும். காட்சிக்கு ஏறக்குறைய 30 லட்சம் ஹெர்ட்ஸ் அகலமான வாயில் வேண்டும். ஒலிக்கு 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் போதும். ஆகவே ஒலியோடு கலக்கும் இரைச்சல் நூற்றைம்பதில் ஒரு பங்கே. ஒலியை அனுப்பும் கருவியின் வலிமை ஆறில் ஒரு பங்காயினும், கணக்குப் பார்த்தால் ஊதியம் ஒலியின் பக்கமே.

மூன்றாம் காரணம் இவற்றினும் நுட்பமானது. வானத்திலிருந்து திரும்பும் அலை ஒரே வழியாக வருவதன்று. சற்று உயரத்தில் திரும்பியதும் சற்றுத் தாழ்வில் திரும்பியதுமாகப் பல வழிகளில் வரும். ஒரு வழி மற்றொன்றைவிட மூன்று கிலோமீட்டர் நீண்டதாயின், அவ்வழியே வரும் அலை ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிந்தி வரும். 405 கோடுகளால் ஆன அக்காலக் காட்சியில் ஒரு கோட்டை வரைய ஆகும் நேரமோ விநாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு. எனவே பிந்திய உருவம் திரையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி விழும். ஒரு முகம் இரண்டாகவும் மூன்றாகவும் தோன்றுவது இதனாலேயே. செவிக்கோ அந்த நேர வேற்றுமை சிறிதும் தோன்றாது. ஒலி சில சமயம் மங்கும், சில சமயம் கரகரக்கும்; ஆயினும் சொல் சொல்லாகவே கேட்கும். கண் மயங்கும் இடத்தில் செவி மயங்குவதில்லை.

இவ்வொலியைத் தேடும் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவாம். ஸ்கேனர் என்பது, குறித்துக் கொடுத்த பல அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தொட்டுப் பார்த்து, எங்கேனும் அலை இருப்பின் அங்கே நின்று ஒலிக்கும் வானொலிப் பெட்டி. அலையில்லாத இடத்து இரைச்சலை அது வாயடைத்து வைக்கும். காவற்படை, தீயணைப்புப் படை முதலியோரின் பேச்சுக்களைக் கேட்பதற்கென்று மேனாட்டில் பரவிய இக்கருவியை, தொலைதூர அலைகளில் ஆர்வமுள்ளோர் வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தினர். காட்சியலையின் அதிர்வெண்ணில் அதை நிறுத்தினால் சொல் ஒன்றும் கேளாது. வண்டின் முரற்சி போன்ற ஓர் ஒலி கேட்கும். அது காட்சிப் புலங்கள் மாறும் வேகம். ஐரோப்பியக் காட்சி விநாடிக்கு ஐம்பது புலங்கள் கொண்டது. அமெரிக்கக் காட்சி அறுபது. பழகிய செவி அம்முரற்சியின் சுருதியைக் கொண்டே வந்தது எக்கண்டத்து அலை என்று ஊகிக்கும். பிறகு ஒலியலையைத் தேட வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் ஒலி காட்சிக்கு மேலே 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும், கிழக்கு ஐரோப்பாவில் 6.5 தள்ளியும், அமெரிக்காவில் 4.5 தள்ளியும் இருந்தது. எனவே 48.25-இல் முரற்சி கேட்டவர் 53.75-இலும், 49.75-இல் கேட்டவர் 56.25-இலும், 55.25-இல் கேட்டவர் 59.75-இலும் குரலைத் தேடினர். பெட்டியைத் தக்க முறையில் அமைப்பதும் இன்றியமையாதது. இந்நாடுகளின் தொலைக்காட்சி ஒலி அதிர்வெண் பண்பேற்றம் பெற்றது. அதற்கு அகலமான வாயில் வேண்டும். காவற்படைப் பேச்சுக்குரிய குறுகிய வாயிலில் அதைக் கேட்டால் சொற்கள் நொறுங்கிப் பொருள் விளங்காது. அதிர்வெண் பண்பேற்றத்தால் மற்றொரு நன்மையும் உண்டு: இரு நிலையங்கள் ஒரே இடத்தில் மோதினால், வலியதன் குரலே தெளிவாகக் கேட்கும், மெலியது அடங்கிவிடும். காட்சியிலோ இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பும்.

ஸ்கேனரின்றி வேறு வழியே இல்லாத சந்தர்ப்பமும் இருந்தது. 1979-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூரியப் புள்ளிகள் மீண்டும் பெருகியபோது, பி.பி.சி.யின் 405 கோட்டு நிலையங்கள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன, அவற்றின் 41.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி அமெரிக்கக் கரையில் கேட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பெட்டியோ 54 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. இறங்கினும் கோடுகளின் எண்ணிக்கை வேறு, வேகம் வேறு. ஆனால் அந்நாட்டு ஸ்கேனர்களில் 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி இயல்பாகவே அமைந்திருந்தது. அதில் ஒரு தடை: பெட்டி அதிர்வெண் பண்பேற்றத்துக்கு உரியது, பிரிட்டிஷ் ஒலியோ வீச்சுப் பண்பேற்றத்தது. வீச்சுப் பண்பேற்றத்துக்குரிய பொறி இல்லாதவர் பெட்டியைச் சரியான இடத்திலிருந்து சற்றே விலக்கி வைத்துக் கேட்பர். அவ்வாறு வைத்தால் வீச்சின் ஏற்றத்தாழ்வும் ஓரளவு ஒலியாக மாறும். லண்டனில் இல்லத்தரசி ஒருத்தி சமையலறையில் நின்று கேட்கும் நிகழ்ச்சியை, அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒருவர் காலை வெயிலில் காட்சியின்றிக் கேட்டிருந்தார் எனின் அதன் விந்தையைச் சொல்லவும் வேண்டுமோ!

இவ்விடத்தில் கேட்போனின் கடமை எழுகின்றது. 41.5 மெகாஹெர்ட்ஸில் ஆங்கிலக் குரல் கேட்ட ஒருவர், 'லண்டனைக் கேட்டேன்' என்று எழுதிவிடலாமா? கூடாது. அதே அதிர்வெண்ணில் லண்டனின் கிரிஸ்டல் பாலஸ் நிலையமும், வட அயர்லாந்தின் டிவிஸ் மலை நிலையமும் இயங்கின. பெரும்பாலான நேரம் இரண்டிலும் ஒரே நிகழ்ச்சி. ஆகவே நேர்மையான கேட்போன் எழுதக்கூடியது, 'இன்ன நாள், இன்ன நேரம், இன்ன அதிர்வெண், பி.பி.சி. நிகழ்ச்சி' என்பது மட்டுமே. நிலையத்தைத் தனித்துக் காட்டும் அறிவிப்போ, அதிர்வெண்ணின் மிக நுண்ணிய வேறுபாடோ கிடைத்தாலன்றி ஊரின் பெயரை எழுதும் உரிமை அவனுக்கு இல்லை. தூரம் மிகுந்தால் புகழும் மிகும் ஆதலின், ஐயமான ஒன்றைத் துணிந்து எழுதும் ஆசை மனிதனுக்கு இயல்பு. காட்சி இருந்தால் பரிசோதனைப் படமோ முத்திரையோ சான்று கூறும். குரலுக்கோ கேட்டவனுடைய வாய்மையே சான்று. அறியாத மொழி கேட்டால், இன்ன மொழி என்று ஊகித்து எழுதாமல், 'மொழி விளங்கவில்லை' என்று எழுதுவதே மேலானது. பலருடைய குறிப்புகளை ஒன்றுசேர்த்து வானத்தின் இயல்பை ஆராயும் அறிஞருக்கு, ஒரு பொய்க் குறிப்பு நூறு மெய்க் குறிப்புகளைக் கெடுத்துவிடும்.

எப்-2 படலம் ஒன்றே வழி என்று எண்ணற்க. கோடை மாதங்களில், வடபாகத்தில் சிறப்பாக மே முதல் ஆகஸ்டு வரையில், ஈ படலத்தில் ஆங்காங்கு மேகத்திட்டுப் போல மின்னணுக்கள் திரள்வது உண்டு. இத்திட்டுக்கள் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் வரையில் அலையை ஒரே தத்தலில் கொண்டு சேர்க்கும். இங்கிலாந்தில் உள்ளோர் ஸ்பெயின், இத்தாலி, ருஷ்யா முதலிய நாடுகளின் தொலைக்காட்சியைக் கோடையில் பெற்றது பெரும்பாலும் இதனால்தான். அத்திரள் எப்பொழுது தோன்றும், எப்பொழுது கலையும் என்று எவரும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அரை மணியில் மறைவதும் உண்டு, பகல் முழுவதும் நிற்பதும் உண்டு.

மூன்றாவது வழி அயனி மண்டலத்துக்கு மிகத் தாழ்வானது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே உள்ளது. கடல்மீது ஈரமான குளிர்ந்த காற்றும் அதன்மேல் வறண்ட வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும்போது, அவ்விரண்டின் எல்லை அலையைக் கீழ்நோக்கி வளைத்து, ஒரு குழாயினுள் செலுத்துவது போலத் தூரத்துக்குக் கொண்டு செல்லும். இதற்குத் தமிழ்நாட்டவர் நன்கறிந்த உதாரணம் உண்டு. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கிற்று. அதன் அலைகள் பரவிய பிதுருதலாகல மலை 2,524 மீட்டர் உயரமுள்ளது. அவ்வுயரத்திலிருந்து ஒரு வீட்டுக் கூரையின் ஏரியல் வரை நேர்வழியாக எட்டக்கூடிய தூரம் ஏறக்குறைய 220 கிலோமீட்டர். ராமேசுவரமோ அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். தூத்துக்குடி ஏறக்குறைய 350. ஆயினும் 1980-களில் நம் தென்கரை மக்கள் உயர்ந்த கம்பங்களில் ஏரியல் கட்டி, இலங்கைக் காட்சியைக் கண்டு வந்தனர். மன்னார் வளைகுடாவின் மீதுள்ள காற்றே அந்த எஞ்சிய தூரத்தை நிரப்பிற்று. ஒரு நாள் பளிச்சென்று தெரிந்த உருவம் மறுநாள் துகள்மழையாகப் போவதும், அப்பொழுதும் குரல் மட்டும் இரைச்சலுக்குள்ளிருந்து தொடர்வதும், அக்கரை இல்லங்களில் பலரும் கண்ட காட்சியே.

இதுகாறும் தூரத்துக் குரலை ஒரு விருந்தாகவே கூறினோம். ஆயின் ஒருவனுக்கு விருந்தாவது மற்றொருவனுக்கு இடையூறாகும். அழையாத நிலையம் வந்து அண்டை நிலையத்தின் மேல் விழுந்தால், உள்ளூரார் தம் நிகழ்ச்சியை இழப்பர். இவ்வச்சம் வரலாற்றையே மாற்றியது. அதிர்வெண் பண்பேற்றத்தை வானொலிக்கு உரியதாக்கிய ஆம்ஸ்ட்ராங் என்னும் பேரறிஞரின் ஒலிபரப்பு, அமெரிக்காவில் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையான இடத்தில் தொடங்கி நடந்துவந்தது. சூரியப் புள்ளிகள் மிகுங்கால் எப்-2 படலத்தின் வழியே தூரத்து நிலையங்கள் வந்து அதைக் கெடுக்கும் என்று அரசாங்கத்தின் முன் வாதிக்கப்பட்டது. ஆம்ஸ்ட்ராங் அதை மறுத்தார். 1945-ஆம் ஆண்டு அவ்வொலிபரப்பு 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மாற்றப்பட்டது. மக்கள் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த பெட்டிகள் ஒரே ஆணையால் வீணாயின. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் எப்.எம். வானொலி ஏறக்குறைய 88 முதல் 108 வரையான இடத்தில் வாழ்வது அம்முடிவின் பயனே. மீண்டும் 1948-இல், தொலைக்காட்சி நிலையங்கள் காற்றடுக்குகளின் வழியே ஒன்றையொன்று எதிர்பாராத தூரத்தில் கெடுப்பது கண்டு, புதிய நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதை அமெரிக்க ஆணையம் நிறுத்தி வைத்தது. அத்தடை 1952 வரை நீங்கவில்லை. தூரத்தில் எது, எத்தனை முறை, எவ்வளவு வலிமையோடு கேட்கின்றது என்னும் கணக்கு வீண் பொழுதுபோக்கன்று என்பதற்கு இவையே சான்று. ஒரு நாட்டின் வானத்தைப் பங்கிடுவதற்கு அக்கணக்கு அடிப்படையாயிற்று.

இப்பொழுது அந்த வாயில் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது. பிரிட்டனின் 405 கோட்டு நிலையங்கள் 1985-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓய்ந்தன. அமெரிக்காவின் பெருநிலையங்கள் 2009-ஆம் ஆண்டு ஜூனிலும், பிரிட்டன் முழுவதும் 2012-ஆம் ஆண்டு அக்டோபரிலும், ஆஸ்திரேலியா 2013-ஆம் ஆண்டு டிசம்பரிலும், ருஷ்யா 2019-ஆம் ஆண்டிலும் பழைய முறையைக் கைவிட்டு எண்முறைக்கு மாறின. எண்முறையில் ஒலிக்கென்று தனி அலை இல்லை. உருவமும் குரலும் எண்களாக நொறுங்கி ஒரே வெள்ளத்தில் கலந்து செல்கின்றன. அவ்வெள்ளத்தை ஸ்கேனரால் கேட்டால் வெறும் இரைச்சலே கேட்கும். மேலும், போதிய வலிமையுள்ளவரை குற்றமற்ற காட்சி. சற்றுக் குறைந்தால் காட்சியும் இல்லை, குரலும் இல்லை. பழைய முறையில் அலை மெலிய மெலிய உருவம் மங்கி, பிறகு குரல் எஞ்சி, பிறகு முரற்சி மட்டும் எஞ்சும். அந்தப் படிகளே வானத்தின் நிலையை அளந்து காட்டின. எண்முறை நாட்டுக்குப் பல நன்மை செய்தது உண்மை; அப்படிகளை அது எடுத்துவிட்டதும் உண்மை.

ஆயினும் அயனி மண்டலம் எந்த அரசாங்க ஆணைக்கும் கட்டுப்பட்டு ஓய்ந்துவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் சூரியப் புள்ளிகள் மீண்டும் உச்சம் எய்தின. முன்பு தொலைக்காட்சிக் குரல் வந்த வழியாகவே 50 மெகாஹெர்ட்ஸில் தனி வானொலியாளரின் அலைகள் இன்றும் கடல் கடக்கின்றன. எப்.எம். வானொலியும் எஞ்சியிருக்கின்றது. கடற்கரை ஊர்களில் காற்று அமைதியுற்ற இரவுகளில் இலங்கையின் எப்.எம். குரல்கள் சாதாரணப் பெட்டியிலேயே கேட்பதை நம் மாணவர் பலர் தம் ஊரில் கண்டிருப்பர். ஆகவே ஆராய்ச்சி செய்ய விரும்புவோனுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பெட்டியும், ஒரு கடிகாரமும், ஒரு குறிப்பேடும் போதும். ஸ்கேனர் போன்ற கருவிகளை வைத்திருத்தற்கும், அவற்றால் கேட்கத்தக்கவற்றுக்கும் நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு. அதை அறிந்து நடத்தலும், பொதுமக்களுக்கென்று பரப்பப்படுவதையே கேட்டலும் கற்றவர்க்கு அழகு.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை நாளும், நேரமும், அதிர்வெண்ணும், செவியில் விழுந்த சொற்களும், காற்றின் நிலையும் ஆகும். கேட்காத நாளில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்றும் எழுத வேண்டும். அதுவும் வானத்தைப் பற்றிய ஒரு செய்தியே. ஓராண்டு முழுவதும் இவ்வாறு எழுதி முடித்த மாணவன் ஒருவன், எந்த மாதத்தில் எந்த வேளையில் கடல் தன் ஊருக்குக் குரல் அனுப்புகின்றது என்பதைத் தானே கண்டறிந்தவனாவான். அவ்வறிவை அவனுக்கு எந்தப் பாடநூலும் தந்திராது.